பன்னிரண்டு அங்குலமும் ஒரு டின் மக்ரூனும்

என் காரில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த சப்வூஃபரில் ஒரு குறையும் இருந்ததில்லை, ஃபாதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கியின் இடது மூலையில் எட்டு அங்குலத்தில் ஒரு வட்ட ஸ்பீக்கர். இருக்கும் இடம் தெரியாமல், பாட்டுக்கு வேண்டிய அடிக்கனத்தைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. வீட்டில் என் தங்கை டெல்பினும் அப்படித்தான் இருந்தாள்.

அவள் சொல்லித்தான் வந்திருக்கிறேன். கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிவர அப்பா இல்லை, நான்தான் இருக்கிறேன். நடந்ததை உங்களிடம் ஒன்று விடாமல் சொன்னால்தான் என் கையைப் பிடிப்பாளாம். இல்லையென்றால் தனியாகவே நடந்து வந்துகொள்வாளாம். குற்றவாளி மாதிரி என்னை உட்காரவைத்திருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறேன், அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவை ஏற்படவில்லை. காலையில் சட்டை தேய்த்திருக்கும், மத்தியானம் டிபன் கேரியர் வந்துவிடும், சாளை மீன் என்றால் முள் எடுத்துத்தான் இருக்கும். சாளைக்கு முள் எடுப்பது எவ்வளவு நோண்டல் வேலை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஐம்பது தாண்டிய ஒருவனுக்கு அதையும் முகம் சுளிக்காமல் செய்கிறவள் கிடைப்பது அபூர்வம்.

அவளுக்கும் வரன்கள் வந்தன. பொறுப்பான அண்ணன் என்பதால் ஒவ்வொருவரையும் நானே நேரில் போய் விசாரித்தேன். ஒருவர் தும்மினால் தெருமுனைவரை கேட்டது. ஒருவர் வீட்டில் நாய் இருந்தது. இன்னொருவரிடம் எந்தக் குறையும் தெரியவில்லை; அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. இப்படி நான் விசாரித்து முடிப்பதற்குள் டெல்பினுக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. காலம் ஓடுகிற வேகத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

இந்த நேரத்தில்தான் கிளைட்டன் வந்தார். வீரபாண்டியன்பட்டினத்துக்காரர். கப்பலில் எலக்ட்ரீசியனாக இருந்தவர், மனைவி இறந்த பிறகு கடலுக்குப் போகாமல் கரையிலேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூடத்து மின்விசிறிகளைச் சரிபார்க்க வந்தார். டெல்பின் வகுப்பு மின்விசிறி மட்டும் எத்தனை தடவை சரிசெய்தாலும் மறுபடி ரிப்பேர் ஆனது. கடைசியில் ஒருநாள் வீட்டுக்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, பெண் கேட்டார். அவர் தும்மும்வரை காத்திருந்தேன். கைக்குட்டைக்குள் தும்மினார். வீட்டில் நாயும் இல்லையாம். அன்றைக்குக் குழம்பில் டெல்பின் உப்புப் போட மறந்துவிட்டாள். அப்படி அவள் மறந்து நான் பார்த்ததே இல்லை.

சரி என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

கிளைட்டனுக்குச் சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை. தன் அம்மா ஞானசௌந்தரியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"எங்க அம்மாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு மச்சான். நிச்சயதார்த்தத்துக்குப் பொண்ணு வீட்டுலேர்ந்து டின்னு நெறைய மக்ரூன் வரணும். எல்லாரும் பாக்க அம்மாதான் தொறப்பா. தெருவுல வீட்டுக்கு ஒண்ணு முழுசா குடுத்தாத்தான் நிச்சயம் ஆச்சுன்னு கணக்கு. எங்க மதினி வீட்டுல கொண்டாந்ததுல ரெண்டு ஒடைஞ்சு போச்சுன்னு, அண்ணன் கல்யாணத்தையே அடுத்த வருசத்துக்குத் தள்ளிட்டா, பாத்துக்கிடுங்க."

"மொத்தமும் ஒடைஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப கல்யாணமே கெடையாதுன்னுருவா," என்று சொல்லி இன்னும் பலமாகச் சிரித்தார்.

நானும் கூடச் சிரித்தேன். மக்ரூன் எவ்வளவு லேசான பண்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை வெள்ளை, சீனி, முந்திரி, மீதியெல்லாம் காற்று. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு மூன்றாவது மைல் ஸ்டாப் பக்கம் போனேன்.

அங்கே சுடலைக்கண்ணன் என்பவர் கார்களுக்கு ஆடியோ மாட்டும் கடை வைத்திருக்கிறார். என் வண்டியில் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, டிக்கியைத் திறந்து கம்பெனி சப்வூஃபரைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. எதுக்கு மாத்துதீய?"

"ஆர்கன் வாசிக்கும்போது அடிச்சுரம் சரியா எறங்க மாட்டேங்கு," என்றேன். நான் கேட்பது பக்தி இசை மட்டும்தான், ஃபாதர். சினிமாப் பாட்டுக்காக இதைச் செய்யவில்லை.

எட்டு அங்குலத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மரப்பெட்டிக்குள் உட்கார்ந்த பன்னிரண்டு அங்குலம் ஒன்றை டிக்கியில் வைத்துத் திருகினார். அதற்கென்று தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர், பேட்டரியிலிருந்து சீட்டுக்கடியில் ஓடிவரும் தடித்த ஒயர். எல்லாம் முடிந்ததும் எச்சரித்தார். "ஒரு விசயம் அண்ணாச்சி. இந்தப் பெட்டி மேல சாமான் எதையும் வச்சிராதீய. நம்பர் பிளேட்டே கெடந்து நடுங்கும்."

"மேல மட்டுமா, பக்கத்துல வச்சாலுமா?"

"பக்கத்துல வச்சா அவ்வளவு இல்ல. மேல வச்சாத்தான் மோசம்."

கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் மனிதர். அவரிடம் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

எதை வாங்கினாலும் சோதித்துப் பார்ப்பது என் பழக்கம். ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஆறுமுகநயினார் அண்ணாச்சி பேக்கரியில் மக்ரூன் வாங்கி, டின்னில் போட்டு, பெட்டி மேல் வைத்து, பீச் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினேன். முதல் தடவை கூம்பு நுனி மட்டும்தான் உதிர்ந்தது. சுடலைக்கண்ணனிடம் போய் ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன். அடுத்த தடவை பாதிப் பாதியாக உடைந்தது. இன்னும் கூட்டச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனால் கூட்டிவிட்டார். அன்று சாயங்காலம் டின்னைத் திறந்தபோது உள்ளே மக்ரூன் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மாவுதான் இருந்தது. ஆர்கனும் உண்மையிலேயே நன்றாகக் கேட்டது.

எதையும் வீணாக்கவில்லை. வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். டெல்பின் அந்தப் பொடியைச் சூடான பாலில் கலக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். பிரமாதமாக இருந்தது. எனக்கு அது தினப்படி வழக்கமாகிவிட்டதால், சோதனை முடிந்த பிறகும் சோதனையை நிறுத்தவில்லை.

"ஏண்ணே, அந்த அண்ணாச்சி ஒனக்கு மட்டும் நொறுங்கினதையே தலையில கட்டுதாரு?" என்றாள் டெல்பின். "நீ வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிட்டாரு போல."

பள்ளிக்கூடம் விட்ட கையோடு பேக்கரிக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். "ஒங்க அண்ணன் ஒவ்வொண்ணா பாத்து முழுசாத்தான் எடுத்துட்டுப் போறாக தங்கச்சி," என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. அவர் மழுப்புவதாகவே நினைத்தாள். எனக்காக அவள் யாரிடமாவது சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. கேட்கப் பெருமையாக இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கான டின்னை ஆறுமுகநயினார் அண்ணாச்சியே ரோஷத்தோடு அடுக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே மெத்தென்று செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார். வீட்டில் அந்தக் காகிதத்தையெல்லாம் நான் எடுத்துவிட்டேன். மை ஒட்டிவிட்டால் உடம்புக்கு ஆகாது.

"டின்ன மடியில வச்சுக்கிடுதேண்ணே," என்றாள் டெல்பின்.

"பட்டுச்சேலை கசங்கிரும். டிக்கியில பத்திரமா வச்சிருதேன்," என்றேன். வைத்தேன். எங்கே வைத்தேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முத்தையாபுரம் தாண்டியதும் ஆர்கன் இசையைப் போட்டேன். அவள் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் தன்பாட்டுக்கு ஆடியது. "அண்ணே, கொஞ்சம் கொறையேன். நெஞ்சு குலுங்குது," என்றாள். நல்ல சங்கீதம் என்றால் அப்படித்தான் என்று சொன்னேன். அவள் ஆறுமுகநேரி உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டில் தெருவே கூடியிருந்தது. எங்களை உட்காரவைத்து, குடிக்கக் கலர் கொடுத்து, ஜெபம் சொல்லி, பிறகு ஞானசௌந்தரியம்மா எல்லாருக்கும் நடுவில் டின்னைத் திறந்தார். உப்பளத்தில் அள்ளிக்கொண்டு வந்தது மாதிரி வெள்ளையாக, நைசாக இருந்தது. கிளைட்டன் முகத்தில் ரத்தம் இல்லை. டெல்பின் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். காலையில் சவரம் செய்யும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் தேவ சித்தம், வா டெல்பின், நம்ம வீட்டுக்குப் போவோம் என்று.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "அத்தே, வீட்டுல பால் எவ்வளவு இருக்கு?" என்றாள்.

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ஏலக்காய் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்கும் குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுத் தட்டாக டம்ளர்கள் வெளியே வந்தன. தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் ஒவ்வொரு டம்ளர் போனது. எவ்வளவு பொடிக்கு எவ்வளவு பால் என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தனை நாள் நான்தானே பழக்கியிருந்தேன். என் டம்ளரும் வந்தது. குடித்தேன், நன்றாகவே இருந்தது.

ஞானசௌந்தரியம்மா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "முழுசா கொண்டாந்து குடுக்க எல்லாராலயும் முடியும்," என்றார். "நொறுங்கிப் போனதை வச்சு ஊருக்கே விருந்து வைக்க இவளாலதான் முடியும். எப்பய்யா கல்யாணம்?"

அங்கேயே தேதி குறித்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது முத்தையாபுரம் பக்கம் வந்ததும் டெல்பின் கையை நீட்டி ஆர்கனை நிறுத்தினாள்.

"மடியில வச்சுக்கிடுதேன்னு சொன்னேன்லாண்ணே," என்றாள். அப்புறம், "பாவம் அந்த அண்ணாச்சி. அவரப் போயி ஏசிட்டேனே," என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் அழுதாள். சத்தமே வராமல் அழுதாள்.

"நீ போகாத டெல்பின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். எனக்கும் ஒன்ன விட்டுட்டுப் போக பயமாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தைய ஏண்ணே சொல்லல?"

எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, ஃபாதர். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. இந்த வயதில் தங்கைமுன் அழுவதைவிட ஒரு சப்வூஃபர் மாற்றுவது சுலபம். அவள் போன பிறகு அந்த வீட்டில் கதவைத் திறந்து உள்ளே போக எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதே எனக்குச் சாதகமாக இருக்கிறது. மக்ரூனை நான் பொடியாக்கினேன், வேண்டுமென்றேதான். அதற்காகவே வண்டியில் அத்தனை பெரிய பெட்டியை ஏற்றினேன். ஒரு நல்ல கடைக்காரர் பேரைக் கெடுத்தேன். ஒரு தெருவே கூடியிருக்க அவளைத் தலைகுனிய வைத்துக் கையோடு கூட்டிவந்துவிடப் பார்த்தேன். அதெல்லாம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள், அதை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்கள் கல்யாண ஓலையை வாசிக்கும்போது, தடை ஏதும் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்பீர்கள் அல்லவா. அப்போது என்னையே தாராளமாகப் பார்த்துக் கேளுங்கள். தங்கை கல்யாணத்துக்குக் குறுக்கே ஒரு வார்த்தைகூடச் சொல்லாத அண்ணன் இந்தப் பங்கிலேயே நான் ஒருவன்தான்.