நம் நடை டாக்டரும் அவர் அஞ்சிய ஒரே நோயும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைப் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, அவர்களின் அருமை மகளே, காலை நடைக் கூட்டத்துத் தோழர்களே! இதயப் பிரிவின் தலைமைச் செவிலியாக ஐயாவிடம் திட்டும் பாராட்டும் வாங்கியவள் என்ற உரிமையில் அவருடைய நினைவுக் கூட்டத்தில் பேச வந்திருக்கிறேன்.

இதய மருத்துவர் ஐயாவை நாம் என்றாவது பெயர் சொல்லி அழைத்தோமா? "நடை டாக்டர்" என்றால்தானே வாசல் காவலருக்கே தெரியும்! யாரை அவர் நாற்காலியில் உட்காரவிட்டார்? ரத்த அழுத்தம் பார்த்த கையோடு, "வாங்க, பேசிக்கிட்டே ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று கிளப்பிவிடுவார்.

மறதி என்று வந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரையும் அப்படித்தான் அழைத்துப் போனார். உப்பு, புகை, தூக்கம் என்று பேச்சு நீண்டது. வழியைத் தவறவிட்டவர் யார்? நம் டாக்டர்! ஓட்டுநர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "சிஸ்டர், இவருக்கும் மறதின்னு ஒரு சீட்டுப் போடுங்க!" என்றார். இதோ, மூன்றாவது வரிசையில் தலையாட்டுகிறார். வயிறு வலிக்கச் சிரித்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

மாலையில் காரணம் சொன்னார். "எங்கப்பா ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையே போட மாட்டாரு. கடைசியில என்னைப் பார்த்து, 'தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?'ன்னு கேட்டாரு. எனக்குச் சாவு பயமில்ல சிஸ்டர். என் பொண்ணை நான் அப்படிக் கேட்டுடக் கூடாது."

அதனால்தான் எல்லோரிடமும் அத்தனை பிடிவாதம்! "குழாய் அடைச்சிருந்தா மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏறுமா? இதயத்தைப் பார்த்துக்குங்க, மூளைக்கும் நல்லது" என்பார். மறதியே வராது என்று யாருக்கும் அவர் வாக்குக் கொடுத்ததில்லை. வாய்ப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்பார். அம்மா உப்பைக் குறைத்துச் சமைத்ததை முணுமுணுத்தபடியே சாப்பிட்டவரும் அவர்தான்.

எண்பதைத் தாண்டிய உடம்பைச் சென்ற வாரம் நிமோனியா சாய்த்தது. மகள் ஓடிவந்து கையைப் பிடித்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தார். வீட்டில் மட்டும் வழங்கும் செல்லப்பெயரைச் சொல்லி, "வந்துட்டியாடா? அம்மா சாப்பிட்டாளான்னு பாரு" என்றார். அழுதேன். அழுகையைவிட நிம்மதிதான் அதிகம். அஞ்சிய மறதி அண்டாமலே விடைபெற்றிருக்கிறார் நம் ஐயா!

நாளைக் காலையும் நடை உண்டு, தோழர்களே. ரத்த அழுத்தக் கருவியோடு நான் வாசலில் நிற்பேன். மறதி என்று தயங்கி வருபவரின் இதயத் துடிப்பை முதலில் கேட்போம், பிறகு கூடவே நடப்போம். நம்மால் தடுக்க முடிந்தவரை, எந்தப் பிள்ளையும் பெற்றவரிடம் தான் யாரென்று சொல்லி நிற்க வேண்டாம். இது ஐயா மேல் ஆணை!