பாதி டேங்க்

ரெனாட்டஸ்: அதுல வெந்நீர ஊத்தாத. அது ரத்தம்.

தபேயா: பழைய கறைதானேப்பா...

ரெனாட்டஸ்: பழசோ புதுசோ, சூடு பட்டா அப்படியே புடிச்சுக்கும். பச்சத் தண்ணி ஊத்து. காலேஜ்ல சொல்லித் தரலயா?

தபேயா: கடல்நாய் ரத்தம் கழுவுறதுக்கு ஒரு பாடம் வச்சிருந்தா நான்தான் முதல் மார்க்கு. நீ எதுக்கு எந்திரிச்ச? உக்காருன்னு சொன்னேன்ல.

ரெனாட்டஸ்: உக்காந்துதான் இருக்கேன்.

தபேயா: ஸ்டூல்ல உக்காரு. கழுவுற பனிவண்டி மேல இல்ல.

ரெனாட்டஸ்: என் வண்டி.

தபேயா: உன் வண்டிதான். உன் கால் ரெண்டும் ரொட்டி மாவாட்டம் உப்பிக் கெடக்கு. நாளைக்கு விமானத்துக்கு பூட்ஸ் எப்படிப் போடப் போற?

ரெனாட்டஸ்: அந்த சைலன்சர் பக்கம் தேய். கரி அடை அடையா நிக்குது பாரு.

தபேயா: தேய்ச்சாச்சு. மண்ணெண்ணெயும் முடிஞ்சாச்சு. இனி சோப்புத் தண்ணிதான்... இதென்ன, முன்னாடி சறுக்குக் கட்டை முழுக்கப் பிசின்?

ரெனாட்டஸ்: விறகு ஏத்தினேன்.

தபேயா: எப்ப?

ரெனாட்டஸ்: போன வாரம். நீ ஆபீஸ் போயிருந்த. போவாஸ் கூட வந்தான்.

தபேயா: உன் தம்பிக்கும் அறிவில்ல, உனக்கும் இல்ல. எந்திரிக்கவே முடியாம படுத்துக் கெடந்த ஆளு... சரி, விறகு எங்க? வீட்டுக்குப் பின்னாடி ஒரு குச்சியக் காணோம்.

ரெனாட்டஸ்: இருக்கும் எங்கயாச்சும்.

தபேயா: ம்.

ரெனாட்டஸ்: என்ன ம்?

தபேயா: ஒண்ணும் இல்ல. பின் சீட்டு ஓரத்துல மெழுகு மாதிரி என்னமோ இருக்கு, போக மாட்டேங்குது.

ரெனாட்டஸ்: கொழுப்பு. உங்கம்மா கையுறையோட புடிச்சுக்கிற எடம். அவ போயும் அது போகல.

தபேயா: ...விட்டுடவா?

ரெனாட்டஸ்: வேணாம், தேய். முன்னாடி அந்த நம்பரையும் எடுத்துடு.

தபேயா: ஈஸ்டர் பந்தயத்துக்கு அம்மா ஒட்டின நம்பர்ப்பா இது.

ரெனாட்டஸ்: பாதி பிஞ்சு அசிங்கமா இருக்கு. வெண்ணெய் போட்டுத் தேய்ச்சா பசையும் வந்துடும்.

தபேயா: இத்தன வருஷம் ஒருத்தரத் தொட விடல நீ. சின்னப்புள்ளையில நகத்தால சுரண்டினேன்னு முதுகுல ஒண்ணு வச்ச.

ரெனாட்டஸ்: வச்சேனா?

தபேயா: வலிக்கல. ஆனா வச்ச.

ரெனாட்டஸ்: எடுத்துடும்மா. பாக்குறப்பல்லாம் எதுக்குக் கஷ்டம்...

தபேயா: யாருக்குக் கஷ்டம்? கோடைக்கு மூடி வைக்கத்தான கழுவுறோம்? கிறிஸ்துமஸுக்கு வந்து நீதான ஓட்டப் போற?

ரெனாட்டஸ்: ஆமா, ஆமா.

தபேயா: மூடி வைக்கிறவன் பெட்ரோல் கெடாம மருந்து ஊத்துவான். பின்பக்கத்தத் தூக்கிக் கட்டை மேல நிறுத்துவான். எலி புகாம ஓட்டைக்குத் துணி அடைப்பான். வருஷா வருஷம் நீ செய்யறது. இந்தத் தடவ ஒண்ணையும் காணோம்.

ரெனாட்டஸ்: மறந்திருப்பேன். கிட்னி போய் ரத்தம் கெட்டா மூளையும் மந்தமாகுமாம். நர்ஸ் சொன்னா.

தபேயா: வேற என்ன சொன்னா?

ரெனாட்டஸ்: செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனா வாரத்துக்கு மூணு தடவ ரத்தத்தக் கழுவணும்னா. உயிர் இருக்கிற வரைக்கும். இந்த வண்டியக்கூட வருஷத்துக்கு ஒரு தடவதான் கழுவுறோம்.

தபேயா: சிரிப்பு வரல.

ரெனாட்டஸ்: நான் சிரிக்கச் சொல்லல.

தபேயா: மலையக் குடைஞ்சு நிக்கல் அள்ள எத்தன மெஷின் வந்து எறங்குது? இந்தக் கரையோரம் பூரா ரத்தம் கழுவ ஒரு மெஷின் கிடையாது. எழுதிக் கேட்டா "பரிசீலிக்கிறோம்". நாம செத்த பிறகு பரிசீலிப்பானுங்க. மக்கள் தொகை கம்மியாம். கம்மியாத்தான இருக்கும், ஒவ்வொருத்தரா விமானத்துல ஏத்தி அனுப்பிட்டா...

ரெனாட்டஸ்: அந்த வாளி என்ன பண்ணுச்சு, அத ஒதைக்கிற?

தபேயா: வேற யார ஒதைக்கிறது இங்க?

ரெனாட்டஸ்: கிறிஸ்துமஸுக்கு நான் திரும்பி வந்துடலாம்னு எங்கிட்ட ஏன் சொன்ன?

தபேயா: ...என்ன?

ரெனாட்டஸ்: டாக்டர் உங்கிட்ட போன்ல பேசினப்ப நான் தூங்கல. போனா திரும்ப வர முடியாதுன்னாரு. நீ "சரி, சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு பாத்திரம் கழுவப் போயிட்ட.

தபேயா: கேட்டுட்டு சும்மாவா இருந்த?

ரெனாட்டஸ்: நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.

தபேயா: ...டேங்க்ல பாதிதான் இருக்கு.

ரெனாட்டஸ்: போதும்.

தபேயா: எதுக்குப் போதும்? குடாவுல இருக்கிற நம்ம குடிசைக்குப் போயிட்டு வர முழு டேங்க் வேணும். எனக்குத் தெரியாதா?

ரெனாட்டஸ்: போறதுக்குப் பாதி போதும்.

தபேயா: அப்பா...

ரெனாட்டஸ்: நான் பொறந்த எடம் அது. ஐஸ் இன்னும் ஒரு வாரம் தாங்கும். காலையில உன்ன பெட்டியோட முன்னாடி விமானத்துக்கு அனுப்பிட்டு, பின்னால வர்றேன்னு சொல்லிட்டு... எல்லாம் முடிஞ்சப்புறம் போவாஸ் அங்க வந்து வண்டிய எடுத்து உங்கிட்ட குடுப்பான். அழுக்கோட உன் கைக்கு வரக்கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

தபேயா: அதையும் என்னையே கழுவ வச்சியா?

ரெனாட்டஸ்: குனிய முடியல. முடிஞ்சா நானே செஞ்சிருப்பேன். திட்டு. இவ்வளவு நேரம் ஊரையே திட்டினேல்ல... அழறியா?

தபேயா: மண்ணெண்ணெய் நெடி.

ரெனாட்டஸ்: அதுதான் அப்பவே முடிஞ்சு போச்சே.

தபேயா: வாய மூடிட்டு காலத் தூக்கி அந்தப் பெட்டி மேல வை. கீழ தொங்க விட்டா இன்னும் வீங்கும்.

ரெனாட்டஸ்: நம்பர எடுக்கலயா?

தபேயா: இருக்கட்டும்.

ரெனாட்டஸ்: இப்ப என்னத்த இழுத்துட்டு வர்ற? தபேயா... பின்னாடி கட்டுற இழுவைச் சறுக்குவண்டி எதுக்கு? அதுல என்ன கேன்?

தபேயா: பெட்ரோல். சித்தப்பா ஞாயித்துக்கிழமையே அழுதுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு, விறகு எங்க போய் எறங்குச்சுங்கிறது வரைக்கும். நீயா சொல்லுவேன்னு நானும்தான் பாத்தேன். விமான டிக்கெட்ட நேத்தே திருப்பிக் குடுத்தாச்சு. நாளைக்கு நான் ஓட்டுறேன், நீ அம்மா எடத்துல உக்காந்து புடிச்சுக்கோ. கடைசி வரைக்கும் அங்க உங்கூடதான் இருப்பேன்... இந்தக் கேன், அதுக்கப்புறம் நான் தனியாத் திரும்பி வர்றதுக்கு.