முப்பத்துநான்கு டிகிரி

என் மனைவி லியோனாவுக்குக் கரும்பு என்றால் உயிர். கடித்துக் கடித்தே பாதிப் பல் போய்விட்டது. அதனால் அவள் பல் பார்க்க டவுனுக்குப் படகேறியதில் ஊரில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் ஐயா, விசாரணைக்காக நீங்கள் கேட்டது மலையைப் பற்றி. அதைச் சொல்கிறேன்.

வாலேமு எரிமலையின் அடிவாரத்தில் மண் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் காட்டுக்கோழி அடைகாக்காது. அந்த மண்ணை ஆழமாகத் தோண்டி முட்டையைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடும். மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும். நாங்கள் தலைகீழாக இறங்கித் தோண்டி எடுப்போம். வெளியே கால் மட்டும்தான் தெரியும். மலை அடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பார்கள். இருந்தாலும் கண்காணிப்பு நிலையத்தார் என்னிடம் ஒரு வெப்பமானியும் ரேடியோவும் கொடுத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கோழிகள் முட்டையிடும் மேட்டில் வெப்பமானியைச் செருக வேண்டும், ஏழு மணிக்கு எண்ணைச் சொல்ல வேண்டும். நில அதிர்வைப் பதிவுசெய்கிற கருவி பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. மலைக்கு இருந்த ஒரே காவல் நான்தான்.

வழக்கமான சூடு முப்பத்துநான்கு. நான்கு வருடத்துக்கு முன் ஒருமுறை முப்பத்தொன்பது காட்டியது. உள்ளதைச் சொன்னேன். ஊரே கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆறு வாரம் கூடாரத்தில் கிடந்தது. தண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவியது. லியோனாவின் அண்ணன் கவேயுவின் மூத்த மகள் அதில் இறந்துபோனாள். மலை ஒரு தும்மல்கூடப் போடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தோட்டங்களைப் பன்றிகள் தின்று தீர்த்திருந்தன.

கவேயு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்தான் சொன்னது. எனக்குக் காய்ச்சல்காரன் என்று பெயர் வைத்தார்கள். சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "முப்பத்தொம்பது, எல்லாரும் ஓடுங்கப்பா" என்பான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

இந்த மார்ச்சில் முப்பத்தாறு ஆனது. ரேடியோவில் முப்பத்துநான்கு என்றேன். இரண்டு டிகிரிக்காக இன்னொரு குழந்தையைச் சாகவிட எனக்கு மனம் வரவில்லை. பிறகு நாற்பத்தொன்று ஆனது. அன்றும் முப்பத்துநான்கு என்றேன். தினமும் ஒரே எண் வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று நடுநடுவே முப்பத்துமூன்று, முப்பத்தைந்து என்றும் சொன்னேன். மறுமுனையில் எழுதிக்கொள்ளும் ஹில்டா நல்ல பெண். ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றி சொல்வாள்.

கடைசி வாரத்தின் தொடக்கத்தில் மேட்டின் மேல்பக்கம் கோழிகள் வருவது நின்றது. அங்கே ஒரு முட்டையைத் தோண்டி உடைத்துப் பார்த்தேன். வெந்திருந்தது. உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் கவேயு அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான்.

"மச்சான், மண்ணுக்குள்ளயே அவிஞ்சு கெடக்கு. ஒன் கருவி என்ன சொல்லுது?"

"முப்பத்துநாலு. மழையில்லாம மண்ணு காயுது, வேற என்ன. கீழ்ப்பக்கம் தோண்டிப் பாரு, பச்சையா இருக்கும்."

"நீ சொன்னா சரிதான். அன்னைக்கும் நீ உள்ளதத்தான் சொன்னே. ஊரு என்னத்தயோ பேசிட்டுப் போகட்டும்."

அவன் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். என்னை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அவன் முகத்தைப் பார்த்து நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை காலை கீழ்ப்பக்கமே நாற்பத்தெட்டு காட்டியது. முப்பத்துநான்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கிழங்கு சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்துக்காக அன்று பதினான்கு பேர் கீழ்ப்பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேடு வெடித்தது. கொதிக்கிற சேறு. கவேயுவைக் கால் தழும்பை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். அவனுடைய சின்ன மகள் நோரின் பள்ளத்தின் ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் மிஞ்சவில்லை. அவளுக்கு ஆறு வயது.

ஊரை மறுபடி அலைக்கழிக்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்று முதல் நாள் சொன்னேன். மலை வெடிக்கும் என்று நினைக்கவே இல்லை என்றும் சொன்னேன். இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள்.

லியோனாவுக்குப் பல்வலி இல்லை. வியாழக்கிழமை மேல்பக்கம் வெப்பமானி எழுபத்தொன்றைத் தொட்டது. அன்றைக்கே, பல்லைக் காட்டிவிட்டு வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ என்று அவளைப் படகேற்றினேன். மூட்டைகளைத் தலையில் சுமந்து வந்தவன் கவேயு. நோரினும் கூடவே வந்து முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"இவளுக்கும் ரெண்டு பல்லு சொத்தை, மச்சான். தங்கச்சி கூட அனுப்பட்டுமா?"

இவள் போனால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் வரும். ஏன் என்று யாராவது கேட்பார்கள். மலை சும்மா இருந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மறுபடி என் நெற்றியைத் தொடுவார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. இடமில்லை என்றேன். கவேயு தலையை ஆட்டிவிட்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

பாதிப் படகு காலியாகத்தான் போனது, ஐயா.