ஒஸ்வால்டிடம் இருந்த மெசின்

"ஹலோ... ஹலோ, செலீன்தானே? நான் நேசம் டீச்சர் கதைக்கிறன், கோயில் ஒஃபிசிலயிருந்து... ஓம், ஓம். ஒஸ்வால்டுக்கு இப்ப எப்பிடி?... விரல்ல மாட்டுற அந்தச் சின்னச் சாமான் எத்தனை காட்டுது?... தொண்ணூற்றஞ்சா?"

நேசம் டீச்சர் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஓகஸ்ட். கொரோனாக்காரருக்கு ஆஸ்பத்திரிகளில் கட்டில் கிடைக்காத நாட்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் நடத்திய கத்தோலிக்கக் கோயில் ஏழைகள் சங்கத்திடம், வீடுகளுக்குக் கொடுக்க ஒரேயொரு ஒக்சிசன் மெசின்தான் இருந்தது. அது ஒன்பது நாளாக முகத்துவாரத்தில், துறைமுகக் கூலியான ஒஸ்வால்டின் கட்டிலடியில் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுப் பின்னேரம் அவர் மனைவி செலீன் அழுதழுது சொன்ன ஒக்சிசன் அளவு எழுபத்தொன்று.

"ஒரே ராவில தொண்ணூற்றஞ்சா, பிள்ளை?... இல்ல, இல்ல, சந்தோசம்தான்... அவரிட்ட ஃபோனைக் குடு, ஒரு வார்த்தை கதைப்பம்... நித்திரையா? அப்ப அவர்ட வாய்க்குக் கிட்டப் பிடி. மூச்சைக் கேக்கிறன்... பிடி, செலீன்."

மெசினின் இரைச்சல் கேட்டது. ஒன்பது நாளும் அதற்கு மேலால் கேட்ட இருமல் இல்லை. மூச்சிழுப்பும் இல்லை. நேசம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டார்.

"செலீன்... எத்தனை மணிக்கு?... விடிய நாலரைக்கா... ஓம். ஓம். அழு... ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல?... ஓ. சுகாதாரப் பரிசோதகருக்கு, பீ.எச்.ஐ. ஆக்களுக்குப் பயந்தா... தெரியும், பெட்டியை சீல் பண்ணிக் கொண்டுபோயிடுவாங்க, முகத்தைக் காட்ட மாட்டாங்க... றோஸி வாறாளா? இரத்மலானையிலிருந்து நடந்தா?... இப்பதான் வெள்ளவத்தை வரைக்கும் வந்திருக்கிறாளா."

மகள் றோஸி தையல் ஃபக்டரி விடுதியில் இருந்தவள். ஊரடங்கு; பஸ் இல்லை. அவள் வந்து சேரும்வரை அப்பா உயிரோடிருப்பதாக அயலுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் செலீன் மெசினை ஓடவிட்டிருந்தாள். நேசத்துக்கு அவளைக் கண்டிக்க வாய் வரவில்லை. ஆனால் மேசையில் இன்னொரு பெயர் இருந்தது.

"நான் சொல்லுறதக் கேள். குப்பாயி எண்டு ஒருத்தி, வீட்டு வேலைக்குப் போறவ. முப்பத்தாறு வயசு, மூண்டு பிள்ளைகள். அவவுக்கு எண்பத்திரண்டு... ஓம், இந்த மெசின்தான்... இல்ல, எங்கட கோயில் ஆள் இல்ல, சைவம்... அப்பிடிக் கேக்காத, செலீன்... ஏசு, நல்லா ஏசு... ஓம், எனக்கு நெஞ்சில ஈரம் இல்லத்தான்... ஓம்..."

போன கிழமை இதே மெசினுக்குக் காத்திருந்து இரண்டுபேர் போய்விட்டார்கள். அதை நேசம் செலீனுக்குச் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

"எங்களுக்கு ஓட்டோ ஓடுற ஸவாஹிர் உங்கட ஒழுங்கைக்கு வருவார். ஊரடங்குப் பாஸ் இருக்கு அவரிட்ட. உள்ளுக்கு வரமாட்டார், ஒண்டும் கேக்கவும் மாட்டார். மெசினை வாசல்ல வைச்சிடு... பீ.எச்.ஐ.க்கு நான் சொல்ல மாட்டன். றோஸி வந்து பாக்கட்டும், மாஸ்க்கோட, தள்ளி நிண்டு. பிறகு நீயே அவங்களுக்குக் கோல் எடுத்துச் சொல்லு... ஓம். சத்தியமா."

பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருடம் முழங்காலில் நிற்கவைத்தவர் அவர்.

மறுமுனையில் மெசினின் இரைச்சல் நின்றது. அப்படியொரு அமைதியை அந்த வீட்டிலிருந்து அவர் கேட்டதேயில்லை.

"செலீன்?... இருக்கிறியா?... என்ன?... மெதுவாச் சொல்லு, எழுதுறன்... தண்ணிப் போத்தல் நேற்று மாத்தினது. சரி... குழாய் பூட்டுற இடம் லூஸ்... பிளாஸ்டர் சுத்தோணும், இல்லாட்டிக் காத்து வெளிய போயிடும்... ஓம், குப்பாயிட மூத்த பிள்ளைக்குச் சொல்லுறன்... வேற?... முதுகுக்கு ரெண்டு தலகணி வைச்சாத்தான் அவருக்குக் கொஞ்சம்... ஓம்... ஓம்... செலீன்?... ஹலோ?"

லைன் அறுந்திருந்தது. நேசம் எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஸவாஹிரின் நம்பரை அழுத்தினார்.