சூப் தீர்ந்துவிட்டது

உட்காருங்கள் சார். நாலு மாடி படியேறி வந்திருக்கிறீர்கள், முதலில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் லிஃப்ட் விஷயமாகத்தானே வந்தீர்கள்? ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஓடும் புரோகிராம்கள் எல்லாம் ஒரே பெரிய ஃபோல்டரில் கூட்டுக்குடும்பமாக இருக்கின்றன. உள்ளே லிஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், விளக்குகளுக்கு ஒன்று, நான் பார்த்துக்கொள்ளும் கேன்டீன் மெனுவுக்கு ஒன்று. எந்த ஃபோல்டருக்குள் கைவைத்தாலும் சர்வர் கம்ப்யூட்டர் அந்தப் புரோகிராமை மட்டும் நிறுத்தி, புதிதாக ஏற்றி ஓடவிடும். மற்றவர்களுக்குத் தொந்தரவு கிடையாது.

மேனேஜர் என் மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததை வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் ஞாபகப்படுத்துவார். போன வாரம், ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, என் ஃபோல்டரைத் தூக்கி லிஃப்டின் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"மச்சான், இனிமே நான் மெனுவை மாத்தினா லிஃப்டும் நின்னுதான் கிளம்பும்."

"டீயும் பன்னும் எழுதுற உங்களால என் லிஃப்ட் நிக்குமா மாப்பிள்ளை? போய் வேலையைப் பாருங்க."

பார்த்தேன்.

இன்று காலை அவர் லிஃப்டில் ஏறியதைக் கண்டேன். டீ ஆறிப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'சூடான டீ' என்றிருந்ததை வெறும் 'டீ' ஆக்கினேன். லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நின்றது. அது கிளம்பப்போகும் நேரத்தில் டீ மறுபடி கொதித்துவிட்டது. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடாதா? பிறகு பன்கள் குறையத் தொடங்கின. ஒவ்வொன்றாகத்தானே குறையும், ஒவ்வொன்றாகப் பதிந்தேன். இவ்வளவு நேர்மையான மெனு இந்தக் கேன்டீனில் இருந்ததே இல்லை. மெக்கானிக் வந்து, மெஷினில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான்.

மத்தியானம் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணன் போனையே எடுக்க மாட்டேங்குறாரு. ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்."

"வேலையா இருப்பாரு" என்றேன்.

அப்புறம் லிஃப்டின் அவசர போனில் அவரே கூப்பிட்டார். தொண்டை கட்டியிருந்தது.

"மாப்பிள்ளை, தப்பு என் மேலதான். உங்க ஃபோல்டரை வெளிய எடுத்துடுறேன். குடிக்கத் தண்ணிகூட இல்ல."

மனசு இளகிவிட்டது சார். ஆனால் ஃபோல்டரை நகர்த்தும் அனுமதி அவர் ஒருவருக்குத்தான், அதுவும் அவர் மேசையிலிருந்துதான். அவர் வெளியே வந்தால்தான் அதை நகர்த்த முடியும். நகர்த்தினால்தான் அவர் வெளியே வர முடியும். இதில் என் கையில் என்ன இருக்கிறது?

மெனுவைத் தொடாமல் இரு, கீபோர்டிலிருந்து கையை எடு என்கிறீர்கள். எடுத்துவிட்டேன், பாருங்கள். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அதோ, லிஃப்ட் நகரும் சத்தம் கேட்கிறது. பாவம், மச்சான் வரட்டும்.

ஒரே நிமிடம் சார். சூப் தீர்ந்துவிட்டதாம்.