எண் எழுதாத தாள்

— கெமிஸ்ட்ரி பக்கத்துக்கு இவ்வளவுதானா? "அழுகின முட்டை வாசனை வந்தா சார் சிரிப்பார், எங்களுக்குச் சோறு இறங்காது." முப்பத்தெட்டு பேர் ரெண்டு வருஷம் படிச்சிருக்கீங்க. ஒரே ஒரு வரியா, டாக்டர்?

— வேற என்ன எழுத? பிப்பெட்ல உறிஞ்சப் போய் நான் காரத்தைக் குடிச்சதை எழுதவா?

— அதைத்தான் எழுதணும். பிரியாவிடை மலருக்கு எடிட்டர்னு என்னை எதுக்குப் போட்டிருக்காங்க? கணக்குக்குப் பாரு, ஒருத்தி எழுதியிருக்கா: "சார் போர்டைப் பார்த்தே பேசினார். அவர் முகம் எப்படி இருக்கும்னு போட்டோ எடுத்த அன்னைக்குத்தான் தெரிஞ்சது."

— வரலாறுக்கு நீ என்ன எழுதினே?

— படிக்கறேன், கேளேன். "இது நான் தேடிப் போன பாடம் இல்லை. அறிவியல் வாசலோடு திருப்பி அனுப்பியது. வரலாறு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது." எப்படி?

— நல்லா இருக்கு.

— எட்டு மார்க்குடி. அறுபது வேணும், அம்பத்திரண்டு வாங்கினேன். அந்த எட்டு மட்டும் இருந்திருந்தா நானும் உன் பக்கத்துல நின்னு தவளை அறுத்திருப்பேன்.

— விடு.

— எதைச் சொன்னாலும் உனக்கு ஒரு விடு. சரி, ஸ்டூலைப் பிடி. பத்தாவது குரூப் போட்டோ இந்த பீரோ மேலதான் இருக்குன்னு பயாலஜி சார் சொன்னார்.

— நான் ஏறறேன்.

— நீ ஏறினா உன்னைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும். அசையாம பிடி. போட்டோவைக் காணோம். ஒரு பேப்பர் கட்டு இருக்கு. "பத்தாம் வகுப்பு, குரூப் பிரிக்கும் தேர்வு, அறிவியல்." டாக்டர், நம்ம பேப்பர்டி.

— அங்கேயே வச்சிட்டு இறங்கு.

— ஏன்?

— தூசி. உனக்குத் தும்மல் வரும்.

— வரட்டும். மார்க்கை வாசிச்சாங்களே தவிர பேப்பரைக் கையில கொடுக்கவே இல்லையே. அம்பத்திரண்டு எப்படி வந்துச்சுன்னு நானும் பார்க்கறேன்.

— சொன்னாக் கேளு. இனிமே பார்த்து என்ன ஆகப்போகுது?

— உன்னோடதுதான் முதல்ல இருக்கு. எழுபது. பெரிய ஆளுதான். இரு, இது யார் வரைஞ்ச இதயம்?

— நீ முதல்ல கீழ இறங்கு.

— உனக்கு ஒரு வட்டம்கூடச் சரியா வராதேடி. இதுல நிழலுக்குப் புள்ளி புள்ளியா வச்சிருக்கு. அம்புக்குறி நீலப் பென்சில். இப்படி வரையறது நான்தான். இது என் கையெழுத்து. என் அடிஷனல் ஷீட் உன் பேப்பர்ல எப்படி வந்துச்சு?

— அதுல நீ நம்பர் எழுதலை.

— நான் கேட்டது அது இல்லை.

— ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். மணி அடிச்சாச்சு, மேடம் பிடுங்கிட்டே வராங்க. ஷீட் பறந்து என் பக்கம் கிடந்திருக்கு. நான் பார்க்காம என்னோடதோட சேர்த்து நூல் போட்டுக் கட்டிட்டேன். சத்தியமா அப்போ எனக்குத் தெரியாது.

— பதினாலு மார்க் போட்டிருக்கு. அம்பத்திரண்டும் பதினாலும் அறுபத்தாறு. உன்னோட எழுபதுல பதினாலு போனா அம்பத்தாறு.

— ஆமா.

— நான் உள்ள. நீ வெளிய.

— ஆமா.

— "அப்போ தெரியாது"ன்னே. எப்போ தெரிஞ்சது?

— லிஸ்ட் ஒட்டறதுக்கு முந்தின நாள். நான் லீடர் இல்லையா, மொத்தம் சரியா இருக்கான்னு கூட்டிப் பார்க்க சார் கூப்பிட்டார். என் பேப்பரைத் திறந்தா உன் இதயம்.

— பார்த்தும் மூடி வச்சிட்டே.

— இல்லை.

— ரெண்டு வருஷமா மத்தியானம் என் டப்பாவுல கை விட்டுச் சாப்பிட்டே. என்னை டாக்டர்னு கூப்பிடுன்னு நீதான் சொன்னே. நானும் கூப்பிட்டேன்.

— நான் சொன்னேன்டி. அன்னைக்கே சொல்லிட்டேன்.

— யார்கிட்ட?

— உங்க அப்பாகிட்ட.

— பொய் சொல்லாதே.

— சார்கிட்ட நேரா சொல்லப் பயமா இருந்துச்சு. உங்க அப்பா கேட்ல உனக்காகக் காத்திட்டிருந்தார். எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் தலையில கை வச்சு, "நான் சார்கிட்ட பேசிக்கறேன்மா, நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதே"ன்னார்.

— அப்புறம்?

— ரெண்டு நாள் கழிச்சு, "நேரம் கடந்து போச்சாம், சார் ஒத்துக்கலை. தெரிஞ்சா இன்னும் உடைஞ்சு போயிடுவா, உங்களுக்குள்ளயும் மனஸ்தாபம் வரும்"னார். நான் வாயை மூடிக்கிட்டேன். எனக்கும் அது வசதியா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

— எங்க அப்பாவை இதுல இழுக்காதே. லிஸ்ட் வந்த அன்னைக்கு நான் சாப்பிடாம படுத்திருந்தேன். தட்டோட வந்து பக்கத்துல உட்கார்ந்தார். ஊட்டி விட்டார். அம்மா போனப்பகூட என் முன்னாடி கண் கலங்காதவர், அன்னைக்கு அழுதார்டி.

— பிள்ளைங்களா, இன்னும் முடியலையா? நான் பூட்டணும்.

— அஞ்சு நிமிஷம், அட்டெண்டர் அண்ணே.

— எனக்கென்ன, நான் இருப்பேன். எடிட்டரம்மா, உங்க அப்பாதான் பாவம், அரை மணி நேரமா கேட்ல நிக்கறார். சும்மா நிக்காம உன் சைக்கிளைத் துடைச்சிட்டிருக்கார்.

— வரேன்னு சொல்லுங்க அண்ணே.

— எடிட்டர், உன் பேப்பர் இங்க இருக்கு. வெளிய எடுக்கவா?

— எடு. எதுக்கு இப்படி முழிக்கறே?

— அம்பத்திரண்டை அடிச்சுட்டு அறுபத்தாறுன்னு எழுதியிருக்கு. பச்சை மை.

— பச்சை மை ஹெட்மாஸ்டர் மட்டும்தானே வச்சிருப்பார்?

— அப்போ திருத்தியிருக்காங்க. முடியாதுன்னு யாரும் சொல்லலை.

— பின்னாடி என்ன லெட்டர் குத்தியிருக்கு?

— ஒண்ணும் இல்லை.

— காட்டு. இது அப்பா கையெழுத்து.

— வேண்டாம்டி. வீட்டுக்குப் போய்...

— தேதி என்ன போட்டிருக்கு?

— லிஸ்டுக்கு முந்தின நாள்.

— அப்போ மறுநாள் தட்டோட வந்து அழுதப்போ, இதை எழுதிக் கொடுத்துட்டுத்தான் அழுதிருக்கார். படி. எனக்கு எழுத்து மங்குது. நீ படி.

— "ஐயா, என் மகளின் மதிப்பெண்ணைத் திருத்தியதற்கு நன்றி. ஆனால் அவளுக்கு அறிவியல் பிரிவு வேண்டாம். அதைப் படித்தால் வெளியூர்க் கல்லூரிக்குத்தான் போவாள். தாயில்லாத வீடு, தம்பி சிறியவன், அவள் போனால் எங்களால் முடியாது. இது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

— ஏன் நிறுத்திட்டே? இன்னும் ஒரு வரி இருக்கு.

— "காலியாகும் அவள் இடத்தை, உண்மையைச் சொன்ன அந்தத் தோழிக்கே கொடுத்துவிடுங்கள்."