ஒரு நிறுத்தம் முன்னால்

"தலைவர் பதவியே வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன் அக்கா, அதையும் வாங்க மாட்டேங்காவ."

கயத்தாறு பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த பஞ்சாயத்துத் தலைவரம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"ஏட்டி, என்னாச்சு?"

"ஊர்த்தண்ணி மோட்டார் எரிஞ்சு ஒரு மாசமாச்சு. அரசாங்கம் இந்த வருசம் நிதியக் குறைச்சிட்டாம். வீட்டு வரியக் கூட்டி நீங்களே சரிபண்ணிக்கிடுங்கன்னு யூனியன் ஆபீஸ்ல சொல்லுதாவ. உளுந்தெல்லாம் கருகிக் கெடக்க ஊர்ல எந்த வாசல்ல போய் வரி கேக்க?"

ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் பஸ் நின்றதும் தலைவரம்மா எழுந்தார்.

"நான் இங்கனயே இறங்கி நடந்துக்கிடுதேன். எங்க ஸ்டாப்புல எல்லாரும் நிப்பாவ."

இறங்கிக் கரிசல் காட்டுக்குள் வெயிலில் நடந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் வெறுங்குடங்களோடு பெண்கள் நின்றார்கள். "எங்க தலைவரம்மா வரலையா?" என்று கண்டக்டரிடம் கேட்டார்கள். அந்த அக்கா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.